போனுக்கு அனுப்பு

உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது சமையல் மேடையில் கிடந்த போன் மணியடித்தது. க்ளெனிஸ் ஹார்லர் கையைக்கூடத் துடைக்காமல் எட்டிப் பார்த்தாள். வழக்கமாக அவளுக்கு வருவது இரண்டு செய்திகள்தான். மாத்திரை தயாராக இருக்கிறது என்று மருந்துக்கடையிலிருந்து ஒன்று, பில் தயாராக இருக்கிறது என்று மின்சாரக் கம்பெனியிலிருந்து ஒன்று. இது இரண்டுமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பக்கம் வந்திருக்கிறது, திறக்கவா என்று கேட்டது. ஈர விரலால் தொட்டாள். 'பத்து மாதமாகியும் குழந்தைக்குப் பல் முளைக்கவில்லையா?' என்று தலைப்பு. கீழே பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும் ஒரு குழந்தையின் படம். க்ளெனிஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. பிள்ளை பெற்றதில்லை. அக்கம்பக்கத்திலும் கைக்குழந்தை கிடையாது. யாரோ எதையோ விற்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே நல்ல மழை. ஜன்னலுக்கு அப்பால் மெர்சி ஆற்றங்கரை மரங்கள் எல்லாம் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிந்தன. கொஞ்சநேரம் கழித்து ஒரு கிழங்கைப் பாதி சீவிய நிலையில் வைத்துவிட்டு, போனைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்தாள். சில குழந்தைகளுக்கு ஒரு வயது தாண்டியும் ஆகலாமாம். பரவாயில்லை என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. யாருடைய குழந்தை என்று தெரியாமலே.

முந்தின வாரம்தான் லட்ரோப் ஊர்ச் சமூகக்கூடத்துக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்துச்சொச்சம் வருடம் தட்டு வண்டிகளைத் தள்ளித் தள்ளி வலது தோள் போய்விட்டது. வேலையையும் விட்டாயிற்று. தோளுக்கான பயிற்சிகள் ஒரு இணையப் பக்கத்தில் இருப்பதாக டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. போனில் அந்த நீள முகவரியை அடிக்கப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் விரல் பக்கத்து எழுத்தில் போய் விழுந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்கிற கெரின்தான் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, அவள் கணக்கைத் திறந்து, எல்லாம் செய்துகொடுத்தாள்.

"இங்க பாருங்க க்ளெனிஸ். இந்த அம்புக்குறிய அழுத்துனீங்கன்னா பக்கம் அப்படியே உங்க போனுக்குப் போயிரும். வீட்ல போய் சாவகாசமா பாத்துக்கலாம். போனுக்கு ஒரு பேரு கேக்குது, என்ன வைக்கட்டும்?"

"போனுக்கு எதுக்குப் பேரு? போன்னா போன்தான்."

கெரின் சிரித்துக்கொண்டே 'போன்' என்றே அடித்தாள். அம்புக்குறியை அழுத்தியதும் க்ளெனிஸின் கைப்பைக்குள் மணியடித்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவள் திடுக்கிட்டாள். அது பிடித்துப்போய் இன்னொரு தடவையும் அழுத்திப் பார்த்தாள். பிறகு மூட்டுவலி பற்றிக் கொஞ்சம் பேச்சு, டீ, கிளம்பும் அவசரம். கணக்கை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மழைநாளில் மறுபடியும் மணியடித்தது. இந்தத் தடவை வானிலைப் பக்கம். எப்பி என்றொரு இடத்தில் முப்பத்தொரு டிகிரி, மாலையில் இடி. க்ளெனிஸ் அது எங்கே என்று தேடினாள். கடல் தாண்டி, வனுவாட்டு என்ற நாட்டில் ஒரு தீவு. அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ஸாஸஃப்ராஸ் பக்கத்து ஸ்ட்ராபெரிப் பண்ணைகளில் பழம் பறிக்க வருடாவருடம் தீவுப் பெண்கள் வருவார்கள். சனிக்கிழமைகளில் பூப்போட்ட தொளதொள கவுன்களோடு சூப்பர் மார்க்கெட்டில் அரிசி மூட்டையும் கோழி இறக்கையும் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். மழை பெய்தால் பறிப்பு கிடையாது, ஈரப்பழம் பெட்டியிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அந்த நாட்களில் பண்ணை வேன் அவர்களைச் சமூகக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போகும். அங்கே வைஃபை இலவசம், கெரின் சூப்பும் ரொட்டியும் வைப்பாள். யாரோ ஒருத்தி ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'போனுக்கு அனுப்பு' என்று இருப்பதைப் பார்த்து, தன் போனுக்குத்தான் போகிறது என்று நம்பி அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

கெரினுக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியம். சொல்லத்தான் வேண்டும் என்று க்ளெனிஸ் நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தாள். இதற்குள் இன்னொரு மழை வந்தது. மாதாகோயில் கூட்டுப்பாட்டு ஒன்று வந்தது. பெண்கள் வெள்ளை உடையில் வரிசையாக நின்று, மேளமோ பெட்டியோ இல்லாமல் தொண்டையாலேயே கட்டி எழுப்புகிற பாட்டு. ஒரு வார்த்தைகூடப் புரியாவிட்டாலும் க்ளெனிஸ் அதைப் போட்டுவிட்டுத்தான் அந்த வாரம் முழுக்கச் சமைத்தாள். பிறகு, வெள்ளைத் துணியில் பழக்கறை போக என்ன செய்வது என்று ஒரு பக்கம். உடம்பு சரியில்லை என்று மேலாளரிடம் மரியாதையாக எப்படிச் சொல்வது என்று ஒன்று. "வெந்நி ஊத்தாத, கறை ஒட்டிக்கும். பச்சத்தண்ணியில ஊறப்போடு" என்று சமையல் மேடையிடம் சத்தமாகச் சொன்னாள் க்ளெனிஸ். அந்த வீட்டில் அவள் குரல் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அது அவளுக்கே வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

கணவன் ரே அவளை விட்டுப்போனான் என்று சொல்ல முடியாது. நாட்டின் மறுகோடியில், மேற்கே கராத்தாவில் துறைமுக வேலை கிடைத்துப் போனான். மூன்று வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்றுதான் பேச்சு. முதல் வருடம் அப்படியே வந்துபோனான். பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை என்றான். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திக்கொண்டான். சண்டை இல்லை, வக்கீல் இல்லை, கையெழுத்து இல்லை. திரும்பி வராமல் இருந்துவிட்டான், அவ்வளவுதான். ஊரில் யாராவது விசாரித்தால் "ரே அங்கதான் இருக்கார்" என்று சொல்லுவாள். அதில் பொய் எதுவும் இல்லை. ஒன்பது வருடமாக அதே பதிலைச் சொல்லிச் சொல்லி, கேட்பவர்களும் குறைந்துபோனார்கள்.

இப்போது காலையில் எழுந்ததும் அவள் முதலில் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே மேகம் கறுத்திருந்தால் போனைச் சார்ஜில் போட்டாள். ஒருநாள் பேக்கரியில் ரொட்டிக்கு நின்றபோது, "அங்க இன்னிக்கும் புழுக்கமாத்தான் இருக்கு. சாயங்காலம் இடி இடிக்குமாம்" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எங்க?" என்றாள் ரொட்டி கட்டிய பெண்.

"அங்கதான்" என்றாள் க்ளெனிஸ். அந்தப் பெண் அது கராத்தா என்று எடுத்துக்கொண்டு, "அங்க எப்பவுமே அப்படித்தானே" என்று மீதியைக் கொடுத்தாள்.

ஜனவரிக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. முதல்நாள் மத்தியானம் வந்த பக்கத்தின் தலைப்பைப் பார்த்ததும் க்ளெனிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். 'வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பும் தாயைக் குழந்தை மறந்துவிடுமா?' அதை அவள் இரண்டு மூன்று தடவை படித்தாள். அதற்குப் பிறகு பாட்டுப் போட மனம் வரவில்லை. இதற்கு முன்னால் வந்ததெல்லாம் யாரோ ஒருத்தி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. இது கதவிடுக்கு வழியாகப் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் வந்தது இன்னும் மோசம். 'கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிய பக்கங்கள் போனுக்கு வந்து சேராதது ஏன்?' அந்தப் பக்கமும் வந்து சேராமல், க்ளெனிஸின் கையில் வந்து மணியடித்தது. போனை அணைத்துப் போடுங்கள், பேட்டரியைப் பாருங்கள், பழைய போனாக இருந்தால் மாற்றுவது நல்லது என்று வரிசையாக யோசனைகள். ஐந்து நிமிடம் கழித்து டெவன்போர்ட்டில் பழைய போன் விற்கும் கடையின் பக்கம் வந்தது. சற்றுப் பொறுத்து அதே பக்கம் மறுபடியும் வந்தது. அந்தப் பெண் அங்கே போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது க்ளெனிஸுக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. அப்போதுகூட அவள் கெரினைக் கூப்பிடவில்லை. வெயிலடிக்கிற நாளாகப் பார்த்து, தீவுப் பெண்கள் யாரும் இல்லாத நேரமாகப் போய், கணக்கை மூடிவிட்டு வந்துவிடலாம் என்று தீர்மானித்தாள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அப்படியொரு வெயில் நாள் கிடைக்கவும் செய்தது. ஆனால் அவள் போன நேரம் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் டெஸ் என்ற கிழவர் உட்கார்ந்து, படகு இஞ்சின் பாகம் எதையோ தேடிக்கொண்டிருந்தார். க்ளெனிஸ் பின்னால் கிடந்த பெஞ்சில் ஒரு பழைய தோட்டக்கலைப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டெஸ் அவசரப்படுகிற ஆளில்லை. அவர் முடிப்பதற்குள் மலைப்பக்கமிருந்து மழை இறங்கித் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. ஈர ஜாக்கெட்டுகளை உதறிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தங்கள் பாஷையில் பேசிக்கொண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. டெஸ் எழுந்ததும், க்ளெனிஸ் எழுந்திருப்பதற்குள், ஒருத்தி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

முப்பது வயது இருக்கும். தலைமுடியைச் சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கழுவியும் போகாத பழச்சிவப்பு அவள் நகக்கண்களில் நின்றது. தன் போனை எடுத்து, திரை மேலே பார்க்கும்படி, கீபோர்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். இரண்டு விரலால் நிதானமாக அடித்தாள். எதையோ படித்தாள். அம்புக்குறியின் மேல் மௌஸைக் கொண்டுபோனாள். க்ளெனிஸ் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கைக்குட்டை, சாவிக்கொத்து, மாத்திரை டப்பா. போனுக்கு விரல் எட்டியபோது அது மணியடித்துவிட்டது.

அந்தப் பெண் தன் போனைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். பை மறுபடி மணியடித்தது. அவள் தலையை லேசாகச் சாய்த்தாள். மூன்றாவது தடவை அழுத்தும்போது அவள் திரையையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. உடம்போடு திரும்பி உட்கார்ந்து அறையைப் பார்த்தபடி அழுத்தினாள்.

"ஆன்டி, அது உங்க போனா?"

"ஆமா."

"நான் இங்க அழுத்துனா அங்க மணி அடிக்குது."

"தெரியும்" என்றாள் க்ளெனிஸ்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் ஒரு வேடிக்கையாக முடிந்திருக்கும். சொன்னபிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பாக வரத் தொடங்கியிருந்தது எதுவோ பாதியில் நின்றது. அவள் எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். க்ளெனிஸ் போனைக் கொடுத்தாள். அவள் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். கடை, பேட்டரி, கறை, பாட்டு, எப்பித் தீவின் இடி, பல். எல்லாம் வரிசையாகத் திறந்து படிக்கப்பட்டிருந்தன. பிறகு விரல் கீழே திரும்பி வந்து ஒரு இடத்தில் நின்றது.

"இதையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா. ரெண்டு மூணு தடவ."

சூப் மேஜையிலிருந்து யாரோ "லெய்மாஸ்" என்று கூப்பிட்டு என்னமோ கேட்டார்கள். அவள் திரும்பாமலே ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். "இது எங்க வீட்ல யாருக்கும் தெரியாது" என்றாள் பிறகு, குரலைத் தணித்து. "என்கூட ரூம்ல படுக்குறவளுங்களுக்குக்கூடத் தெரியாது. மெஷின்கிட்டதான கேக்குறோம், மெஷின் யாருகிட்டச் சொல்லப்போகுதுன்னு கேட்டேன்."

"சொல்லியிருக்கணும் நானு. சொன்னா நின்னுபோயிரும்னு…"

"என்ன நின்னுபோயிரும்?"

க்ளெனிஸ் பத்திரிகையின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். "மணி" என்றாள்.

லெய்மாஸ் அவளைப் பார்த்தாள். இந்தப் பழத்தைப் பறிக்கலாமா, இன்னும் ஒருநாள் விடலாமா என்று செடிக்கு முன்னால் குனிந்து நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை அது. பரிதாபம் இல்லை. கோபம் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை.

"என் போன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அத சித்தப்பா பொண்ணுகிட்டக் குடுத்துட்டேன். அங்க இருக்குறது புதுசா வாங்குனது."

க்ளெனிஸ் பையைத் திறந்து பர்ஸை எடுத்தாள்.

"அத உள்ள வைங்க, ஆன்டி."

கூரைமேல் மழை சத்தம் ஏறி இறங்கியது. லெய்மாஸ் போனைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு மேல பாதிதான் படிச்சேன். வேன் வந்துருச்சு. மீதிய ராத்திரி படுக்கையில படிக்கலாம்னுதான் அனுப்புனேன். திரும்ப வந்து தேடுறதுக்கு மனசு வரல. கீழ என்ன போட்டிருக்கு?"

போன் அவள் கையில்தான் இருந்தது. விரலை வைத்துத் தள்ளினால் தெரியும். அவள் தள்ளவில்லை.

க்ளெனிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆறுதலாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "மொதல்ல வராதாம்" என்றாள். "யாரோன்னு பாக்குமாம். தூக்குனா அழுமாம். வளத்தவங்ககிட்டதான் ஓடுமாம். அதுக்காக இழுத்து இழுத்துத் தூக்கக் கூடாதாம். கோவிச்சுக்கவும் கூடாதாம். பக்கத்துல சும்மா உக்காந்து உன் வேலையப் பாத்துக்கிட்டு இருக்கணுமாம். அதுவா ஒருநாள் வருமாம்."

"எத்தன நாளு?"

"அது போடல."

லெய்மாஸ் தலையை ஆட்டினாள். கூலி விவரம் சொன்னால் சரி என்று ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள். "பொண்ணு எங்க அக்காகிட்ட இருக்கா. நான் கெளம்புறப்ப எட்டு மாசம். இப்ப வீடியோல என்னப் பாத்தா போனைத்தான் பிடிக்க வர்றா. என்னப் பாக்குறதில்ல." அவ்வளவு சொன்னதே அதிகம் என்று நினைத்தவள் போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

சூப் கரண்டியோடு கெரின் அந்தப் பக்கம் வந்தவள் இரண்டு பேரையும், கம்ப்யூட்டர் திரையையும் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட, அன்னிக்கு உங்க கணக்க மூடவே இல்லையா க்ளெனிஸ்? லெய்மாஸ், நீ அனுப்புனதெல்லாம் இவங்களுக்கா போய்க்கிட்டிருந்துச்சு? என் தப்பும்மா. ஏன் க்ளெனிஸ், ஏதோ வருதேன்னு உங்களுக்குத் தோணலையா?"

க்ளெனிஸ் வாயைத் திறந்தாள்.

"ஆன்டிக்கு விளம்பரம்னு தோணியிருக்கு" என்றாள் லெய்மாஸ்.

கெரின் சிரித்துக்கொண்டே இரண்டு இடத்தில் அழுத்தினாள். க்ளெனிஸின் பெயர் திரையிலிருந்து போய்விட்டது. லெய்மாஸின் புது போனைச் சேர்த்து, பெயர் கேட்டபோது, அவள் தன் பெயரையே எழுத்து எழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்தாள். அம்புக்குறியை அழுத்தியதும் கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்த போன் மணியடித்தது. வேறு மணி, மரச்சட்டத்தில் தட்டுகிற மாதிரி. க்ளெனிஸின் கை தன்னையறியாமல் பைமேல் போய் இருந்தது. மழை விட்டு வேன் ஹாரன் அடித்தபோது லெய்மாஸ் மற்றவர்களோடு எழுந்து போனாள். போகும்போது க்ளெனிஸின் போனை அவள் கையில் வைத்தாள். வேன் ஜன்னல்கள் ஆவி படிந்திருந்தன, உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நல்ல வெயில். ஊரெல்லாம் வைக்கோல் வாசனை அடித்தது. பறிப்பு மும்முரமாக நடந்திருக்கும். க்ளெனிஸின் போனில் மருந்துக்கடை வந்தது, மின்சாரக் கம்பெனி வந்தது. ஒருநாள் அவளே எப்பி என்று அடித்துப் பார்த்தாள். விரல் மூன்று தடவை பக்கத்து எழுத்தில் விழுந்தது. அங்கே மழையாம், பலத்த காற்றாம். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை யாரும் அவளுக்கு அனுப்பவில்லை, அவளும் யாருக்கும் அனுப்ப முடியாது. ரேயின் எண்ணைக்கூட ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். அழைத்தால் "என்ன விஷயம்?" என்பான். விஷயம் என்று ஒன்றும் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை, விடியும்போதே வானம் மூடிக்கொண்டு பெய்தது. க்ளெனிஸ் சமையலறையில் நின்று மழையைப் பார்த்தாள். கெட்டில் கொதித்து அடங்கியது. டீ போடாமலே கோட்டை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தாள். எதற்குப் போகிறோம் என்று கேட்டால் சொல்ல அவளிடம் காரணம் இருக்கவில்லை. தேட எந்தப் பக்கமும் இல்லை, அச்செடுக்க எந்தக் காகிதமும் இல்லை. தெருவில் ஓடிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

கூடத்தின் கதவைத் தள்ளியபோது சூப்பின் ஆவியும் ஈரத்துணி வாசனையும் முகத்தில் அடித்தன. பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஜன்னலோரத்தில் லெய்மாஸ் இருந்தாள், அதே சிவப்புத் துணி. எதையோ படித்துக்கொண்டிருந்தவள் அம்புக்குறியை அழுத்தினாள். மரச்சட்டத்தில் தட்டுகிற அந்த மணி கேட்டது. அவள் போனை எடுக்கத் திரும்பினாள், கதவருகில் நின்ற க்ளெனிஸைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு துணிப்பை கிடந்தது. அதை எடுத்து, காலடியில், தரையில் வைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். க்ளெனிஸுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் ஜாக்கெட்டை உதறிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தார்கள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் காலணியைச் சுற்றிச் சின்னக் குட்டையாகத் தேங்கியது. அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள்.